எட்டாம் நாள் எலிகள்

ஜூலை 3, வியாழன்

கொழிஞ்சாம்பாறையில் காலையிலிருந்து சாரல். எலிகளுக்கு இன்று மலேரியா ஏற்றினேன், வயிற்றில் ஊசி வழியாக, ஒவ்வொன்றுக்கும் 1 லட்சம் தொற்றிய சிவப்பணுக்கள். பாதி எலிகள் சாதாரணமானவை. மீதிக்கு இன்டர்லூக்கின்-10 என்ற, அழற்சியை அடக்கும் புரதத்தின் மரபணு கிடையாது. எல்லாம் பெண் எலிகள். ஒட்டுண்ணி பிளாஸ்மோடியம் சபாடி. ஆப்பிரிக்கக் காட்டெலிகளுடையது, மனிதரைப் பிடிக்காது. அதை எத்தனை முறை சொன்னாலும் அமுச்சி, என் பாட்டி, வாசலிலேயே நிறுத்திக் கேட்பாள்: "கையக் கழுவுனியா கண்ணு?"

ஜூலை 8, செவ்வாய்

வால் நுனியில் ஒரு சொட்டு ரத்தம், ஒட்டுண்ணியைக் காட்டும் கீம்சா சாயம். அணுக்களுக்குள் ஊதா மோதிரங்கள். எலிகள் துறுதுறுவென்றுதான் இருக்கின்றன.

ஜூலை 11, வெள்ளி

எட்டாம் நாள். நூறு அணு எண்ணினால் முப்பதுக்கு மேல் தொற்று. மயிர் சிலிர்த்து மூலையில் கூனிக் கிடக்கின்றன. கையில் எடுத்தால் சில்லென்கிறது. மலேரியாவில் நமக்குக் காய்ச்சல், சுண்டெலிக்கோ உடம்பு குளிர்ந்துபோகும். மரபணு இல்லாதவற்றில் இரண்டு, நெறிமுறைக் குழு வகுத்த உடல்வெப்ப வரம்புக்குக் கீழே இறங்கிவிட்டன. நிரந்தரமாக உறங்க வைத்தேன். கை நடுங்கியது.

திரும்பத் திரும்ப எண்ணினேன். இரண்டு கூட்டத்திலும் ஒட்டுண்ணிக் கணக்கு கிட்டத்தட்ட ஒன்றுதான். எலியைச் சாய்த்தது ஒட்டுண்ணியின் எண்ணிக்கை அல்ல. ஒட்டுண்ணியை அழிக்கக் கிளம்பிய டிஎன்எஃப், காமா இன்டர்ஃபெரான் ஆகிய அழற்சிப் புரதங்களின் வேகம். அந்த வேகத்தை அடக்குவது இன்டர்லூக்கின்-10. டிஎன்எஃப்பை எதிர்ப்பொருளால் முடக்கினால் இதே வகை எலிகளுக்கு நோயும் சாவும் குறைகின்றன என்று 2003-இல் வெளியான ஆய்வு உண்டு.

இரவு சாப்பிடும்போது எலி சில்லிட்டதைச் சொன்னேன். அமுச்சி சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள். "எந்தம்பிக்கும் அப்பிடித்தான். முறைக்காச்சல் விட்டுப்போச்சுன்னு நெனச்சோம். ஒடம்பு சில்லுன்னு கெடந்துச்சு. விடியறதுக்குள்ள போயிட்டான்."

முறைக்காய்ச்சல் என்று அவள் சொன்னது மலேரியாவை. இத்தனை வருடத்தில் அவள் அந்தத் தம்பியைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

ஜூலை 15, செவ்வாய்

எலைசா, ரத்தத்தில் ஒரு புரதம் எவ்வளவு என்று நிறத்தால் காட்டும் சோதனை. தட்டின் குழிகளில் நீலம் படர்ந்தது, அமிலம் விட்டதும் மஞ்சளானது. கருவி 450 நானோமீட்டரில் படிப்பதற்கு முன்பே கண்ணுக்குத் தெரிந்தது, மரபணு நீக்கிய எலிகளின் டிஎன்எஃப் வரிசை அடர்மஞ்சள்.

போனில் எடுத்த படத்தை அமுச்சி வெகுநேரம் பார்த்தாள்.

"இத அடக்கறதுக்கு மருந்து வருமா?"

"அதுக்குத்தான் அமுச்சி பாக்குறோம்."

"பாரு" என்றாள். தம்பி பெயரையும் சொன்னாள். குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.