ஈசியூ போன பிப்ரவரி

பிப்ரவரி 6, 2025
கார் சாவியைத் திருப்பினால் செக் எஞ்சின் விளக்கு எரியவே இல்லை. சில நொடி எரிந்து அணைய வேண்டிய விளக்கு அது. பெட்ரோல் பம்ப் சத்தமும் கேட்கவில்லை. ஸ்டார்ட்டர் மட்டும் ஜோராகச் சுற்றுகிறது. போன மாதமெல்லாம் கோலாலம்பூர் ஜாலான் ஈப்போ நெரிசலில் சூடேறினால் ஐட்லிங் (கார் நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகம்) ஏறி இறங்கி எஞ்சின் நின்றுவிடும், ஆறவிட்டால் மறுபடி ஓடும். இப்போது ஆறியும் அசையவில்லை. 1996 மாடல். பியூஸ், ரிலே எல்லாம் சரி. கார் வயரிங் வேலை பார்க்கும் வயர்மேன் அண்ணன் மீட்டர் வைத்துப் பார்த்தார். "கரண்டு வருது, எர்த்தும் இருக்கு தம்பி. ஈசியூதான் போச்சு." எஞ்சினை நடத்தும் கணினிப் பெட்டி அது.

பிப்ரவரி 8
பேட்டரி வயரை எடுத்துவிட்டு டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து பெட்டியைக் கழற்றினேன். மூடியைத் திறந்ததும் கருவாட்டு வாடை! உள்ளே சர்க்யூட் பலகையில் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர்கள் (மின்சாரத்தைத் தேக்கித் தரும் சின்ன உருளைகள்) கசிந்திருக்கின்றன. 1990-களின் பல ஜப்பானிய எஞ்சின் கார்களில் பார்க்கிற வியாதிதான் இது. கசியும் திரவம் பலகையின் செப்புக் கோடுகளை அரித்துவிடும். இதிலும் ஓரிடத்தில் கோடு பச்சை பூத்து அறுந்திருந்தது.

பழைய கார்களின் உதிரிபாகம் விற்கும் ஹாஃப்கட் கடையில் வேறு ஈசியூ கேட்டேன். 350 வெள்ளியாம் (ரிங்கிட்). லேபிளில் இருக்கும் எண் அப்படியே பொருந்த வேண்டும், ஆட்டோ கியர் காருடையது மேனுவல் கியர் காருக்கு ஆகாது. அதெல்லாம் பொருந்தினாலும் அந்தப் பெட்டிக்கும் இதே வயசு, அதற்குள் இருப்பதும் இதே கப்பாசிட்டர். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

பிப்ரவரி 11
தைப்பூசம். செந்தூலில் கொம்யூட்டர் ரயில் ஏறி பத்துமலை. இன்றைக்குக் கார் ஓடினாலும் நிறுத்த இடம் கிடைத்திருக்காது.

பிப்ரவரி 13
சீனப் புத்தாண்டுக்கு மூடியிருந்த எலக்ட்ரானிக்ஸ் கடை இன்றுதான் திறந்தது. ஜாலான் பாசார் போய் 22, 47, 100 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர்கள் வாங்கினேன், எல்லாமே 105 டிகிரி தாங்கும் ரகம். வோல்ட் அளவு பழையதைவிடக் கூடலாம், குறையக் கூடாது. மொத்தமே பத்து வெள்ளிக்குள் முடிந்தது.

ராத்திரி பழையதைப் பிடுங்கி, பலகையை வினிகரால் துடைத்து, அப்புறம் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் கழுவிக் காயவைத்தேன். கசிந்தது காரத்தன்மை உள்ளது, வினிகர் அதை முறிக்கும். அறுந்த கோட்டுக்கு மெல்லிய கம்பி வைத்துப் பற்றவைத்தாயிற்று. பிளஸ் மைனஸ் பக்கத்தை மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

பிப்ரவரி 15
இன்று மாட்டிவிடலாம் என்றிருந்தேன். அண்ணன் விடவில்லை. "இரு தம்பி, ஐட்லிங் மோட்டாரை அளந்து பார்த்துட்டு மாட்டு" என்றார்.

விஷயம் இதுதான். எஞ்சினுக்குக் காற்று போகும் வழியான த்ரோட்டில் பாடியில் ஐட்லிங் காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஸ்டெப்பர் மோட்டார் ஒன்று உண்டு. அதன் சுருளில் ஷார்ட் ஆனால் கரண்டு அதிகமாக இழுத்து, ஈசியூவில் அதை ஓட்டும் டிரைவர் சிப்பைக் கருக்கிவிடும். புது ஈசியூ போட்டாலும் அதே கதிதான். நிறைய பேர் "ரெண்டாவது ஈசியூவும் போச்சு" என்று புலம்புவது இதனால்தான் என்கிறார் அவர். பெட்டியை மாற்றித் தருபவர்களில் இதை அளந்து பார்க்கிறவர் குறைவு என்பது என் எண்ணம்.

காரின் பழுதுபார்ப்புப் புத்தகத்தில் ஒவ்வொரு சுருளுக்கும் 28 முதல் 33 ஓம். மூன்று சுருள் 30-ஐ ஒட்டி வந்தது, நான்காவது 9. பலகையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் டிரைவர் சிப் ஒன்றில் பொடி வெடிப்பு. செத்துப்போன வேறொரு பலகையிலிருந்து அதே எண் சிப்பை அவரே எடுத்து மாற்றிக் கொடுத்தார். காசு கேட்டால் சிரிக்கிறார். ஒரு தேத்தாரிக் டீ வாங்கிக் கொடுத்தேன்.

பிப்ரவரி 19
புது ஸ்டெப்பர் மோட்டார் வந்தது, 120 வெள்ளி. மாட்டுவதற்கு முன் இதையும் அளந்தேன்: நாலும் 30, 31. சாவியைத் திருப்பியதும் செக் எஞ்சின் விளக்கு எரிந்து அணைந்தது, பம்ப் முனகியது, முதல் திருப்பிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஏர்கான் போட்டு, ஹெட்லைட் போட்டு, மத்தியான வெயிலில் முக்கால் மணி நேரம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டேன். ஐட்லிங் அசையவில்லை.

ரேடியேட்டர் மேல் ஹோஸ் உப்பியிருக்கிறது. அதை அடுத்த வாரம் பார்க்கணும்.