கடைசித் தேதியை எழுதுங்கள்: மூன்றாவது முறையில் தேறிய மக்கள் தொடர்புத் தாள்

போன வாரம் ரிசல்ட் வந்தது. மக்கள் தொடர்புத் தாளில் 58. பெரிய மார்க் இல்லைதான். ஆனால் முதல் முறை 38, இரண்டாம் முறை 44 வாங்கியவனுக்கு 58 என்றால் என்னவென்று அரியர் வைத்தவர்களுக்குத் தெரியும். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், அப்புறம் எனக்கே மறந்துவிடும்.

தொலைநிலையில் இதழியல் முதுகலை படிப்பவர்களுக்குத் தாளின் அமைப்பைச் சொல்ல வேண்டியதில்லை. எங்கே விழுகிறோம் என்பதும் தெரியும். கடைசியில் வரும் அந்த 20 மார்க் கட்டாயக் கேள்வி. ஒரு திட்டத்தைக் கொடுத்து, நீங்கள்தான் மாவட்ட மக்கள் தொடர்பு அலுவலர், செய்தி வெளியீடும் தகவல் தொடர்புத் திட்டமும் தயாரியுங்கள் என்பார்கள். எனக்கு மூன்று முறையும் நிலம் எடுப்புதான் வந்தது. தொழிற்பேட்டை, புறவழிச்சாலை, மறுபடியும் புறவழிச்சாலை.

முதல் முறை எழுதியதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. முதல் பத்தி முழுக்கத் திட்டத்தின் பெருமை, இரண்டாம் பத்தியில் ஆட்சியர் பேசியது. நிலம் போகிற மனிதர் மூன்றாம் பத்தியில்தான் வந்தார், அதுவும் "பொதுமக்கள் ஒத்துழைப்பு நல்க வேண்டும்" என்று. தகவல் தொடர்புத் திட்டத்தில் ஊருக்கு ஊர் தண்டோரா போடுவேன் என்று வேறு எழுதியிருந்தேன். தண்டோராவைக் கைவிடச் சொல்லித் தலைமைச் செயலாளர் 2022 ஆகஸ்டிலேயே ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதிவிட்டார், ஒலிபெருக்கி கட்டிய வண்டி போதும் என்று. அரசாங்கத்துக்காகப் பேசுகிற வேலைக்கான தாளில் அரசாங்கமே விட்டதை எழுதினால் மார்க் எப்படி வரும்?

இரண்டாம் முறை சட்டம் படித்துவிட்டுப் போனேன். 2013 நில எடுப்புச் சட்டம், பிரிவு 11 அறிவிக்கை, பிரிவு 15 ஆட்சேபணை, 60 நாள். எல்லாம் மனப்பாடம். கேள்வியில் இருந்ததோ தேசிய நெடுஞ்சாலைக்கான புறவழிச்சாலை. அதற்கு 1956 நெடுஞ்சாலைச் சட்டம், 3ஏ அறிவிக்கை, 3சி ஆட்சேபணை, 21 நாள். நான் கொட்டை எழுத்தில் 60 நாள் என்று எழுதினேன். பணம் கட்டி விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தபோது அந்த 60-ஐச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம், பக்கத்தில் "எந்தச் சட்டம்?" என்று இரண்டே சொல். அந்த இரண்டு சொல்தான் இந்தப் படிப்பில் எனக்குக் கிடைத்த ஒரே பாடம் என்று அன்றைக்குக் கோபத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். கோபம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. நேர்முக வகுப்புகளில் ஒரு தடவை கூட யாரும் ஓர் உண்மையான நில எடுப்பு அறிவிப்பைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லவில்லை.

வேடிக்கை என்னவென்றால், பகலில் நான் இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருக்கிறவன். பட்டா, சிட்டா, வாரிசுச் சான்று என்று நாள் முழுக்க நிலம்தான் பேச்சு. ஆனால் தேர்வறைக்குள் போனதும் அதெல்லாம் வெளியே செருப்போடு நின்றுவிட்டது.

இரண்டாம் தோல்விக்குப் பிறகு ஒரு சாயங்காலம் ஓர் ஆயா வந்தார். சுருக்குப் பையிலிருந்து எட்டாக மடித்த நாளிதழ்த் துண்டை எடுத்து வைத்தார். நெடுஞ்சாலை நில எடுப்பு அறிவிப்பு. எறும்பு வரிசை மாதிரி புல எண்கள்.

"இதுல என் நெலம் இருக்கான்னு பாரு தம்பி."

பட்டா இறந்துபோன கணவர் பெயரில் இருந்தது. புல எண்ணையும் உட்பிரிவையும் ஸ்கேல் வைத்துத் தேடினேன். இருந்தது, 0.0450 ஹெக்டேர். அவருக்கு ஹெக்டேர் தெரியாது. ஓர் ஏருக்கு (ஹெக்டேரில் நூறில் ஒரு பங்கு) 2.47 சென்ட் என்று பெருக்கி, "பதினோரு சென்ட், ஆயா" என்றேன்.

"கெணறு இருக்குற பக்கமா?"

அறிவிப்பில் அது இல்லை. ஆட்சேபணை 21 நாட்களுக்குள் என்று மட்டும் இருந்தது. ஆயா பேப்பர் கைக்கு வந்த நாளிலிருந்து விரல் விட்டு எண்ணி வைத்திருந்தார். சட்டத்தின் வாசகமோ 3ஏ(1) அறிவிக்கை வெளியான நாளிலிருந்து என்கிறது. அரசிதழ்த் தேதியைத் தேடிக் கணக்குப் போட்டால் மிச்சம் நான்கு நாள். அன்றைக்கே மனு எழுதி, கிணற்றைப் பற்றி முதல் வரியிலேயே போட்டு, கைரேகை வாங்கி அனுப்பினோம்.

மூன்றாம் முறை அந்த ஆயாவுக்குத்தான் செய்தி வெளியீடு எழுதினேன். கேள்வியில் அறிவிக்கை நாள் மார்ச் 3 என்று கொடுத்திருந்தார்கள். "21 நாட்களுக்குள்" என்று நான் எழுதவே இல்லை. "மார்ச் 24-ஆம் தேதிக்குள்" என்று எழுதினேன், முதல் வாக்கியத்திலேயே. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். நாள் கணக்கை எழுதாதீர்கள், தேதியை எழுதுங்கள். மற்றதெல்லாம் அரை மார்க், ஒரு மார்க் சமாச்சாரம்.

சரி, அந்த விடையில் நான் வைத்தவை:

- முதல் பத்தி: எந்த ஊர், எந்தப் புல எண்கள், கடைசித் தேதி, மனுவை எந்த அலுவலகத்தில் கொடுப்பது. ஆட்சியர் பெயர் மூன்றாம் பத்தியில் வந்தால் போதும்.
- ஹெக்டேருக்குப் பக்கத்தில் ஏக்கர், சென்ட். டெல்டா மாவட்டம் என்று கேள்வியில் இருந்தால் மா கணக்கும் (மூன்று மா சுமாராக ஓர் ஏக்கர்).
- புல வரைபடத்தில் சாலை போகும் கோட்டைச் சிவப்பில் வரைந்து வி.ஏ.ஓ. அலுவலகத்திலும் ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்டுவது. இது கிணற்றுக் கேள்விக்கான பதில்.
- பட்டாதாரர் இறந்திருந்தால் வாரிசுகள் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி.
- வாட்ஸப் வதந்திக்கு மறுப்பு: வதந்தியைத் தலைப்பில் திருப்பிச் சொல்லாமல், சரியான தகவலை முதலில்.

சட்டத்தில் குழம்புகிற இடங்கள் சில. நெடுஞ்சாலைச் சட்டத்தில் எடுத்தால் 2013 சட்டத்தின் இழப்பீடு கிடையாது என்று பலர் எழுதுகிறார்கள். தவறு. இழப்பீட்டுக் கணக்கு 2015 ஜனவரி 1 முதல் அதற்கும் பொருந்தும். நடைமுறைதான் வேறு. 2013 சட்டத்தில் பாதிக்கப்படும் குடும்பங்களின் ஒப்புதல் அரசு-தனியார் கூட்டுத் திட்டத்துக்கு 70 சதவீதம், தனியார் நிறுவனத்துக்கு 80. அரசு தன் சொந்தப் பயன்பாட்டுக்கு எடுக்கும்போது இந்த ஒப்புதல் விதி வராது. சுற்றுச்சூழல் பொது விசாரணை இன்னொரு தனிக் கதை: 2006 அறிவிக்கைப்படி குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு, ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும். ஆக 21, 30, 60. நெடுஞ்சாலைச் சட்டம், சுற்றுச்சூழல் விசாரணை, 2013 சட்டம் என்று இந்த மூன்று எண்ணையும் அதனதனோடு கட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

எடுத்துக்காட்டுக்கு எல்லாரும் சேலம்-சென்னை எட்டுவழிச் சாலையைத்தான் எழுதுகிறார்கள், நானும் எழுதினேன். 277 கிலோமீட்டர். 2019 ஏப்ரல் 8-இல் உயர் நீதிமன்றம் அறிவிக்கைகளை ரத்து செய்தது என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். 2020 டிசம்பர் 8-இல் உச்ச நீதிமன்றம் 3ஏ அறிவிக்கைகள் செல்லும் என்றது. பாதிக் கதை எழுதினால் திருத்துபவருக்கு உடனே தெரிந்துவிடும். பரந்தூர் விமான நிலையத்தை எழுதினால், அதை எதிர்த்த ஏகனாபுரம் ஊரின் கிராம சபைத் தீர்மானங்களைத் தொடாமல் விடாதீர்கள். ஊடகம் வருவதற்கு முன்பே ஊர் பேசிவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

கோட்பாட்டை நான் குறைவாகத்தான் படித்தேன், அது என் சுபாவம். உட்கார்ந்து குறிப்பெடுக்க வராது. மக்கள் தொடர்புக்கு குருனிக், ஹன்ட் 1984-இல் சொன்ன நான்கு மாதிரிகள், முடிவெடுப்பதில் மக்களுக்கு எவ்வளவு பங்கு என்று படிப்படியாகக் காட்டும் ஆர்ன்ஸ்டைனின் 1969 பங்கேற்பு ஏணி, முடிவின் விவரத்தையும் காரணத்தையும் அரசே சொல்ல வேண்டும் என்கிற தகவல் உரிமைச் சட்டம் 4(1)(சி), (டி). அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொன்றையும் ஆயாவோடு கோத்து வைத்தேன். மனு வாங்குவது ஒப்புக்குத்தானா, வாங்கிய மனுவால் கோடு கொஞ்சமாவது நகருமா? கருத்துக் கேட்பது போலக் கேட்டு, கடைசியில் சம்மதிக்க மட்டும் வைப்பது இருவழிச் சமனற்ற மாதிரி. அந்த ஒரு கேள்வியை வைத்தே ஒன்றரைப் பக்கம் போனது. மனப்பாடம் நன்றாக வருகிறவர்கள் இன்னும் நிறையப் படிக்கலாம், நான் தடுக்கவில்லை.

மிச்சம்:

- கட்டாயக் கேள்வியை முதலில் எழுதுங்கள். கடைசியில் எழுதினால் கை வலியில் மறுபடி "ஒத்துழைப்பு நல்க" என்று வந்துவிடும்.
- செய்தி வெளியீட்டுக்கு எண், நாள், வெளியிடும் அலுவலகம் போட மறக்காதீர்கள்.
- வாரம் ஒரு நில எடுப்பு அறிவிப்பைப் பேப்பரில் கத்தரித்து உங்கள் சொந்த மொழியில் ஐந்து வரியில் எழுதிப் பாருங்கள். வீட்டில் வயதானவர் இருந்தால் வாசித்துக் காட்டுங்கள். எங்கே "என்ன சொல்ற?" என்று கேட்கிறாரோ அந்த வரியை மாற்றுங்கள்.
- தோற்றால் விடைத்தாள் நகல் வாங்குங்கள். காசு போனால் போகட்டும்.

எனக்கு ஆராய்ச்சி முறையியல் இன்னும் பாக்கி. அதை முடித்தவர்கள் யாராவது இப்படி எழுதினால் புண்ணியமாகப் போகும்.