அப்போ கேட்டது நீங்களா?

சோதனை முடிந்ததும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்பது விதி. சொன்னேன். அந்தப் பெண் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, "அப்போ இவ்வளவு நேரம் கேட்டது நீங்களா?" என்றார். கோபமெல்லாம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

நாங்கள் செய்தது 'விஸார்ட் ஆஃப் ஆஸ்' முறைச் சோதனை. அது ஒன்றும் புதிதல்ல. பேச்சைப் புரிந்துகொள்ளும் மென்பொருள் தயாராகும் முன்பே, மறைவில் ஒரு ஆள் உட்கார்ந்து கணினியாக நடிப்பார். எங்கள் சோதனையில் அந்த ஆள் நான். ஐபிஎம் ஆய்வாளர்கள் 1983இல் வெளியிட்ட சோதனையில், கடிதம் சொல்லச் சொல்ல எழுதிய 'இயந்திரம்' உண்மையில் ஒரு தட்டச்சாளர்தான். ஒப்புதல் படிவத்திலும் எல்லாம் முறைப்படி இருந்தது. இதில் எனக்குக் குற்ற உணர்வு இல்லை.

உறுத்துவது வேறு. எல்லோரையும் போல அந்தப் பெண்ணும் "கோப்பு. திற. நேற்று" என்று வெட்டி வெட்டித்தான் பேசினார். நடுவில் தடுமாறி, "சாரி, உளறுறேன்ல?" என்றார். புரியாத பேச்சுக்கு எனக்கு அனுமதிக்கப்பட்ட ஒரே பதில், "மீண்டும் சொல்லுங்கள்." நான் தட்டியது, "பரவாயில்லை, மெதுவாகச் சொல்லுங்கள்." செயற்கைக் குரல் அதை வாசித்தது. அதன் பிறகு அவர் பேச்சே மாறிவிட்டது. "நேத்து அனுப்பினது இல்ல, அதுக்கு முன்னாடி ஒண்ணு இருக்கே, அதை எடு" என்றார். கணினிக்கு இந்த 'அதை' பெரிய தலைவலி. 1980இல் அமெரிக்காவின் எம்ஐடியில் ஆய்வாளர் ரிச்சர்ட் போல்ட் காட்டிய அமைப்பில், 'அதை அங்கே வை' என்று சொல்லிக்கொண்டே திரையைச் சுட்டினால் கணினி எதை என்று கண்டுகொள்ளும். எங்களிடம் சுட்டும் வசதி இல்லை. எனக்குப் புரிந்தது, அவ்வளவுதான்.

பதில் விதியை மீறியதால் அந்த அமர்வைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்றார் குழுத் தலைவர். நான் விடவில்லை. புரியும் என்ற நம்பிக்கை வந்தால் மனிதர்கள் இப்படித்தான் பேசுவார்கள், நாம் தேடியதே இதைத்தானே என்றேன். "அவங்க மெஷின்கிட்ட பேசல, உங்ககிட்ட பேசினாங்க" என்றார் அவர். 'எலிசா'வை இழுத்தேன். 1966இல் ஜோசப் வைசன்பாம் வெளியிட்ட அந்த நிரல் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிப்போடும். அதற்கு எதுவும் புரியாது. அப்படியும் அவருடைய செயலாளர், நிரலோடு தனியாகப் பேச வேண்டும், நீங்கள் வெளியே போங்கள் என்றாராம். ஆக, மனம் விட்டுப் பேச எதிரில் ஆள் தேவையில்லை.

வாதத்தில் ஜெயித்துவிட்டேன். வீட்டுக்குப் போகும் வழியில்தான் உறைத்தது: அந்தச் செயலாளர் வைசன்பாமை வெளியே அனுப்பியது, வேறு மனிதர் கேட்கக் கூடாது என்பதற்காக. எங்கள் சோதனையில் கேட்டுக்கொண்டிருந்ததே நான்தானே. அதற்காக அந்தப் பெண் பேசியது இயல்பான பேச்சு இல்லை என்றாகிவிடுமா? அப்படியும் எனக்குத் தோன்றவில்லை.

பதில் விதிப்படி இல்லை என்ற ஒரு வரிக் குறிப்போடு அமர்வு அறிக்கையில் இருக்கிறது. அந்த வரியை யாரும் கேள்வி கேட்கவில்லை. இப்போது, "பரவாயில்லை, மெதுவாகச் சொல்லுங்கள்" என்பதை மென்பொருளிலேயே நிரந்தரப் பதிலாகச் சேர்க்கலாமா என்று பேச்சு. சேர்க்கலாம் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.