தந்தப் பெட்டியில இருந்த குழல்காரர்

இலங்கை மலையகத்துல ஹட்டன் பக்கம் ஒரு கல்லூரியில சித்திர வரலாறு சொல்லிக் குடுக்கிறேன். நான் படிப்பிச்ச முதல் ரெண்டு வருஷமும் எகிப்து, கிரீஸ், ரோம், மறுமலர்ச்சி, பிக்காசோன்னு வரிசையா போயி, கடைசி ரெண்டு வாரத்துல இந்தியா, சீனா, ஜப்பான், ஆபிரிக்கா எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டிருவேன், நம்ம சிகிரியா குன்று ஓவியத்துக்கு ஒரே ஒரு ஸ்லைட். பிள்ளைங்க வருஷங்கள பாடமாக்கி எழுதிட்டு மறந்துருங்க. அது பிள்ளைங்க பிழையில்ல.

போன வருஷம் சிலபஸ்ல கை வைக்கல, தொடங்குற இடத்த மட்டும் மாத்துனேன். லண்டன் விக்டோரியா அன்ட் அல்பர்ட் மியூசியத்துல ஒரு யானைத் தந்தப் பெட்டி இருக்கு, 16ஆம் நூற்றாண்டுல இலங்கையில இருந்த கோட்டே ராச்சியத்துல செதுக்குனது. அதுல பைக்குழல் ஊதுற ஒருத்தர் நிக்கிறாரு, அவரு யாருன்னா ஜெர்மனியில மறுமலர்ச்சிக் கால ஓவியர் அல்பிரெக்ட் டூரர் 1514ல செப்புத்தகட்டுல வெட்டி அச்சடிச்ச படத்துல உள்ளவரு! போர்த்துக்கீசர் காலத்துல அந்தக் காகிதம் கடல் தாண்டி வந்திருக்கு, இங்க உள்ள கைவினைஞர் அதப் பாத்து தந்தத்துல செதுக்கியிருக்காரு. ஒரு பிள்ளை கேட்டுச்சு, "அப்ப மிஸ், இத மறுமலர்ச்சி பாடத்துல வைக்கிறதா, இலங்கை பாடத்துல வைக்கிறதா?" முழுப் பீரியடும் அந்தக் கேள்வியிலயே போச்சு, பின் வாங்குல எப்பவும் வாய் தொறக்காத பிள்ளையும் சண்டைக்கு வந்துருச்சு.

அடுத்த கிழமை கண்டி பீரங்கி. வெள்ளி, தங்கம், மாணிக்கமெல்லாம் பதிச்சது, 1765ல ஒல்லாந்தர் கண்டி அரண்மனைய கொள்ளையடிச்சப்ப எடுத்துட்டுப் போனது, ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியத்துல இருந்து 2023ல தான் திரும்பி வந்துச்சு. அப்ப கண்டியில ராஜா கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன், மதுரைப் பக்கத்து நாயக்கர் குடும்பம். இதச் சொன்னதும் வகுப்பே நிமிந்து உக்காந்துச்சு.

உலகக் கலைன்னா கடைசியில ஒட்டுற அத்தியாயம் இல்லன்னு எனக்கே அப்ப தான் விளங்குச்சு. ஒரு பொருள எடுத்து அது வந்த வழியில நடந்தா கிரீசும் வரும், ஜப்பானும் வரும், எங்க தேயிலைத் தோட்டமும் வரும். ஒரு பிள்ளை மாசி மாசம் மன்மதன் கதைய ஆடுற காமன் கூத்துக்கு தாத்தா கட்டுற கிரீடத்த கொண்டாந்துச்சு, கடதாசியும் மினுங்கல் தாளும் ஒட்டுனது, மேசையில வச்சுட்டு அந்தக் கிரீடம் தமிழ்நாட்டுல இருந்து தோட்டத்து லயம் வரைக்கும் வந்த கதைய அதுவே சொல்லுச்சு. நான் பேசவே இல்ல.

வார சனிக்கிழமை கண்டிப் பக்கம் தெகல்தொருவ குகை விகாரைக்கு போறோம், அதே ராஜா காலத்துல தொடங்குன இடம், சுவர் முழுக்க சிவப்புப் பின்னணியில புத்தரோட முற்பிறவிகளச் சொல்ற ஜாதகக் கதை. ஆளுக்கொரு கொப்பி, பென்சில், டோர்ச் லைட்டும் கொண்டு வரச் சொல்லியிருக்கேன், உள்ள நல்ல இருட்டு.