ராமேஸ்வரத்தில் அப்பாவுக்கு

விருதுநகரில் மிளகாய் வத்தல் மண்டி வைத்திருந்த எங்கள் அப்பா யாரோடும் கூட்டுச் சேராமல் தொழில் செய்தவர். கமிஷனுக்குச் சரக்கு எடுக்க மாட்டார். பரமக்குடி, முதுகுளத்தூர்ப் பக்கம் போய் வெள்ளாமை செய்யும் சம்சாரிகளிடம் முண்டு வத்தலைக் காதருகே உலுக்கிப் பார்த்து வாங்குவார். உள்ளே விதை சலசலக்காவிட்டால் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். மூட்டை கட்டினால் பூஞ்சை பிடித்து நிறம் வெளுத்துவிடும். பணம் களத்திலேயே ரொக்கம். ராத்திரி எட்டு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு எங்களோடுதான் சாப்பிடுவார். தன் காரியம் ராமேஸ்வரத்தில் நடக்க வேண்டும், அதற்காக யாரும் கடன் வாங்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

ராமேஸ்வரத்துக்குத் திதி கொடுக்கப் போகிறவர்கள், முன்னோர் பெயர்களை வீட்டிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அப்பா, தாத்தா, பூட்டன் என்று மூன்று தலைமுறை. அம்மா உயிரோடு இருந்தால் பெண்கள் வரிசை அப்பத்தாவிலிருந்து தொடங்கும். கோத்திரம் தெரியாவிட்டால் சிவகோத்திரம் என்று சொல்வது வழக்கம். தை, ஆடி, மகாளய அமாவாசைகளில் அக்னி தீர்த்தக் கடற்கரையில் கால் வைக்க இடமிருக்காது. இறந்த திதிக்கே போவது நல்லது. வண்டியை விட்டு இறங்குமுன்பே "எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்று தரகர்கள் சூழ்ந்துகொள்கிறார்கள். துக்கத்தோடு வருகிறவர்களிடம் இப்படிப் பேரம் பேசலாமா? தீர்த்தச் சீட்டைக் கோயில் கவுண்டரில் நேராக வாங்குங்கள்.

முதலில் கடலில் முழுக்கு. பிறகு கரையில் எள்ளும் தண்ணீரும், பிண்டம். அதன்பின்தான் கோயிலுக்குள்ளே 22 தீர்த்தங்களில் நீராடல். மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கிக் கோடி தீர்த்தத்தில் முடியும். அதற்குப்பின் மறுபடி கடலில் இறங்கக் கூடாது. கல்தரை முழுக்க ஈரம், வழுக்கும். வயசானவர்களைத் தனியே நடக்க விடாதீர்கள். ஈரத்துணியோடு சந்நிதிக்குள் விடுவதில்லை, மாற்றுத்துணி கையிலேயே இருக்கட்டும். மதியம் 1 மணிக்கு நடை சாத்தினால் 3 மணிக்குத்தான் திறப்பார்கள். ஸ்படிக லிங்க தரிசனம் வேண்டுமென்றால் விடியற்காலை 5 மணிக்கே நிற்க வேண்டும்.

அனுமன் கொண்டுவந்த விசுவநாதரைக் கும்பிட்டுவிட்டுத்தான் ராமநாதர். கூட்டம் பின்னாலிருந்து தள்ளுகிறது, "நகருங்க, நகருங்க" என்று குரல். அந்த நெரிசலிலும் சந்நிதி வாசலில் அம்மாவுக்கு ஒரு நிமிஷம் இடம் கிடைத்தது. தீபாராதனை வெளிச்சத்தில் லிங்கத் திருமேனி முழுசாகத் தெரிந்தது. "உங்க காரியம் நல்லபடியா முடிஞ்சது. ஒத்தப் பைசா கடனில்ல" என்று அம்மா வாய்விட்டே சொன்னாள். சுவாமியிடம் சொன்னாளா அப்பாவிடம் சொன்னாளா, இரண்டும் ஒன்றுதான்.

ராமநாதா, பர்வதவர்த்தினித் தாயே, நீங்கள் கூட்டிப் போனீர்கள், நாங்கள் வந்தோம். அவருக்கு உங்கள் காலடியில் இடம் கொடுங்கள்.