மாட்ரிட்டில் மெகாதீரியத்தின் தலைக்கு முன்னால்

மாட்ரிட்டிலிருந்து நேற்று ராத்திரிதான் வந்தேன். பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை, அதற்குள் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். விமான நிலையத்திலிருந்து நகருக்குள் வர டாக்ஸிக்கு ஒரே நிர்ணயக் கட்டணம். வண்டிக் கண்ணாடியிலேயே ஒட்டியிருக்கிறது. எனக்கு வாய்த்த ஓட்டுநர் பெட்டிக்குத் தனியாக 8 யூரோ என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டார். நம்ம பணத்துக்கு ஒரு நாள் சாப்பாட்டுக் காசு! அந்த ஸ்டிக்கரைக் காட்டுங்கள், ஒரு காசு கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

சரி, போன காரியம். தேசிய இயற்கை அறிவியல் அருங்காட்சியகத்தில் நிற்கும் மெகாதீரியம், எப்போதோ அற்றுப்போன ஒரு ராட்சத விலங்கின் எலும்புக்கூடு. 1787இல் தென் அமெரிக்காவில் புவனோஸ் ஐரிஸ் பக்கம் லுஹான் ஆற்றங்கரையில் மனுவேல் தொர்ரெஸ் என்ற துறவி தோண்டியெடுத்த எலும்புகள், அடுத்த வருஷம் கப்பலில் மாட்ரிட் வந்தன. குட்டியானாலும் பரவாயில்லை, உயிரோடு ஒன்று அனுப்புங்கள் என்று அரசர் மூன்றாம் கார்லோஸ் தரப்பிலிருந்து உத்தரவே போயிருக்கிறது. அப்படி ஒரு மிருகம் எங்கோ மேய்ந்துகொண்டிருக்கிறது என்றே நம்பியிருக்கிறார்கள்.

அரசரின் காட்சிக்கூடத்தில் ஓவியராகவும் விலங்குகளைப் பாடம் செய்பவராகவும் இருந்தவர் ஹுவான் பாவுதிஸ்தா புரு. எலும்பு எலும்பாக வரைந்து, பூட்டி, நாலு காலில் நிறுத்தியவர் அவர்தான். வரைந்ததை அச்சுக்காகச் செப்புத் தகட்டில் செதுக்கியவர் மனுவேல் நவார்ரோ. அந்தப் படங்களைப் போனில் இறக்கிவைத்திருந்தேன். மண்டையோட்டுக்கு நேரே போனைப் பிடித்துப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. கன்னத்தெலும்பிலிருந்து ஒரு பட்டையான நீட்டம் தாடையை ஒட்டிக் கீழே இறங்குகிறது. முன்வாயில் ஒரு பல் கிடையாது. உள்ளே தள்ளிக் கடைவாய்ப் பற்கள் மட்டும். இது என்ன விலங்கு என்று யாருக்கும் தெரியாத காலத்தில், எலும்பு எப்படி இருந்ததோ அப்படியே வரைந்திருக்கிறார் அந்த மனுஷர்.

இங்கேதான் எனக்குக் கோபம். அச்சாகி வெளிவராமல் கிடந்த அந்தப் படங்களின் பிரதிகள் பாரிசுக்குப் போயின. எலும்பைக் கண்ணாலேயே பார்க்காத கூவியே என்ற அங்கத்திய விலங்கியல் அறிஞர், படங்களையும் அதோடு வந்த குறிப்பையும் வைத்தே, இது மரத்தில் தொங்கும் ஸ்லாத்தின் இனம் என்று கண்டுபிடித்து 1796இல் பெயரும் வைத்துவிட்டார். பெரிய மூளைதான், மறுக்கவில்லை. ஆனால் படம் தப்பாக இருந்திருந்தால்? அதே வருஷம் ஹோசே கரீகா என்பவர் புருவின் படங்களைப் புத்தகமாகப் போட்டார், அதற்குள் புகழ் பாரிசுக்குப் போய்விட்டது. 1799இல் புரு இறந்துவிட்டார்.

வெளியே வந்தபோது கொலைப் பசி. பக்கத்துச் சந்தில் 14 யூரோ மதியச் சாப்பாடு: முதலில் சேமியா போட்ட சூப், அப்புறம் அதே பானையில் வெந்த கொண்டைக்கடலை, முட்டைக்கோஸ், இறைச்சி. வாயில் வைத்தால் கரைந்தது. ரொட்டியும் அந்தக் காசிலேயே அடக்கம். மூன்று நாளில் உருப்படியாகச் செலவழித்த காசு அதுதான்!

போகிறவர்களுக்கு: மெட்ரோவில் கிரிகோரியோ மரன்யோன் நிறுத்தம், அங்கிருந்து நடந்துவிடலாம். திங்கட்கிழமை விடுமுறை.

மறுநாள் டொலேடோ போக ஒதுக்கிய காசில் இன்னொரு டிக்கெட் எடுத்து அதே தலைக்கு முன்னால் போய் நின்றேன். நோட்டில் பென்சிலால் மூன்று தடவை வரைந்தேன். கன்னத்தெலும்பு நீட்டத்தின் வளைவு மூன்று தடவையும் பிடிபடவில்லை.