ஸ்ட்ரெயின் கேஜ் ஒட்டுவதற்கு முன்னால்

ஒரு ஸ்டீல் பீமில் ஸ்ட்ரெயின் கேஜ் (சுமை ஏறும்போது உலோகம் எவ்வளவு நீள்கிறது, சுருங்குகிறது என்று அளக்கும் மெல்லிய உணரி) ஒட்டும் வேலை என்னிடம் வந்தது. ஒட்டுவது சில நிமிட வேலைதான். நேரத்தையெல்லாம் விழுங்கியது பரப்பைத் தயார் செய்வது.

முதலில் எண்ணெய்ப் பிசுக்கு போக வேண்டும், அதுவும் உப்புத்தாளைத் தொடுவதற்கு முன்பே. இல்லாவிட்டால் தேய்க்கத் தேய்க்கப் பிசுக்கு உலோகத்தின் கீறல்களுக்குள் இறங்கிவிடும். கேஜ் உட்காரும் இடத்தோடு, சுற்றிலும் நான்கைந்து அங்குலம் வரை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தேன். ஓரத்தில் விட்டுவைத்த எண்ணெய் எப்படியும் நடுவுக்கு வந்து சேரும்.

துருவும் ஸ்கேலும் (ஸ்டீல் மேல் படிந்த ஆக்சைடு அடுக்கு) 220 கிரிட் உப்புத்தாளில் போயின; கிரிட் எண் கூடினால் தாள் நைசாக இருக்கும். அப்புறம் 320 கிரிட் சிலிக்கான் கார்பைடு தாள். கண்டிஷனர் விட்டு, ஈரம் காயாமல் தேய்க்க வேண்டும். கண்டிஷனர் என்பது லேசான அமிலக் கரைசல். பளபளப்பு வந்தால்தான் சுத்தம் என்று சிலர் நினைக்கிறார்கள். பசைக்குப் பிடிப்புத் தருவது மங்கலான, குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்த பரப்புதான்.

கேஜை நேராக வைப்பதற்கான குறிக்கோட்டை ஊசியால் கீறக் கூடாது. கீறலின் விளிம்பு எழும்பி நிற்கும், தகைவும் (உலோகத்துக்குள் ஏற்படும் இழுவிசை அழுத்தம், ஸ்ட்ரெஸ்) அங்கே குவியும். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அழுத்திக் கோடு போட்டேன். அலுமினியமாக இருந்தால் 4ஹெச் பென்சில் போதும்.

பொறுமையைச் சோதித்தது பஞ்சுக்குச்சிதான். கண்டிஷனரில் நனைத்துத் தேய்த்தால் பஞ்சு கறுக்கிறது. வேறு எடுத்தால் அதுவும் கறுக்கிறது. வெள்ளையாகவே திரும்பி வரும்வரை விடக் கூடாது. துடைப்பதிலும் ஒரு ஒழுங்கு உண்டு: புது காஸ் துணியால் நடுவிலிருந்து வெளியே ஒரே இழுப்பு, அடுத்த இழுப்புக்குத் துணியின் புதுப் பக்கம். முன்னும் பின்னும் துடைத்தால் அழுக்கு ஊர்வலம் போய்விட்டுத் திரும்பி வரும். கரைசலைத் தானாகக் காயவும் விடக் கூடாது. கரைந்த அழுக்கு அப்படியே படிந்துவிடும்.

பிறகு அமிலத்தை முறிக்க அம்மோனியா கலந்த நியூட்ரலைசர், அதே முறையில். அமிலத் தன்மை மிஞ்சியிருந்தால் சயனோஅக்ரிலேட் பசை சரியாக இறுகாது. இதற்குப் பிறகு விரல் படக் கூடாது, வாயால் ஊதவும் கூடாது. சுத்தமான ஸ்டீலில் ஆக்சைடு படியத் தொடங்கிவிடும் என்பதால் கேஜையும் அதைப் பிடித்து வைக்கும் டேப்பையும் முன்பே எடுத்து வைத்திருந்தேன். பசையைச் சீக்கிரம் இறுக வைக்கும் கேட்டலிஸ்ட், பசை, ஒரு நிமிடம் கட்டைவிரல் அழுத்தம், சற்றுப் பொறுத்து டேப்பை உரித்தல். அவ்வளவுதான்.

வயர் சால்டர் செய்து, ரீடிங் காட்டும் இண்டிகேட்டரில் இணைத்து, கேஜ் மேல் பென்சில் ரப்பரால் லேசாக அழுத்திப் பார்த்தேன். ரப்பரை எடுத்ததும் ரீடிங் பழைய இடத்துக்கே வந்தது. அப்படியென்றால் அடியில் காற்றுக் குமிழி இல்லை. சரி, பாதுகாப்புப் பூச்சைப் பூசலாம்.